எடெல்காவின் ஆசீர்வாதம்

இர்மினா என் தபால் ஜன்னலுக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். தன் முறை வரும்வரை காத்து நின்றாள். வந்ததும் தபால்தலை எதுவும் கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க ஒரு சத்தியத்தை மொழிபெயர்த்துத் தரணும்" என்றாள்.

"யாரோட சத்தியம்?"

"என்னோடது. அவரோடதும்."

பின்னால் நின்ற ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். சாயங்காலம் வரச் சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

பகலில் தபால் நிலையத்தில் வேலை எனக்கு. வியாழக்கிழமை மாலைகளில் ரயில்வே மன்றத்தின் பின்னறையில் எஸ்பெராந்தோ சொல்லிக்கொடுத்துவந்தேன். அந்த மொழியை உட்கார்ந்து உண்டாக்கிய கண் மருத்துவர் பிறந்தது போலந்தில் எங்கள் ஊரான பியாவிஸ்டோக்கில்தான். ஆனாலும் 1961-இல் என் வகுப்புக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நன்றாகப் பேசக்கூடியவள் இர்மினா. வெல்வெட் ஆலையில் தறி ஓட்டினாள், வயது இருபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன் வார்சாவில் உலக மாநாடு நடந்தபோது அங்கே வெண்டெலைப் பார்த்தாள். ஹங்கேரிக்காரன்; சோல்னோக் ரயில் நிலையத்தில் எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவன். இவளுக்கு அவன் மொழி தெரியாது. அவனுக்குப் போலிஷ் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது எஸ்பெராந்தோ மட்டும்தான். நேரில் சந்தித்தது மூன்று தடவை, மற்றதெல்லாம் கடிதம். அந்தக் கடிதங்கள் என் கை வழியாகத்தான் போய்வந்தன. உறையைப் பார்த்தே அந்த வாரம் சண்டையா சமாதானமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பதிவு அலுவலகக் கல்யாணத்துக்கு வார்சாவிலிருந்து அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்துபோக ஏற்பாடாகியிருந்தது. ஆனால் மாதா கோவிலில் சொல்லும் சத்தியத்தைத் தாங்கள் காதலித்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பது இர்மினாவின் பிடிவாதம். அப்படி ஒரு பிரதி ஏற்கெனவே எங்கோ இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. நானே உட்கார்ந்தேன்.

எங்கள் சத்தியம் சின்னது. அன்பு, விசுவாசம், இல்லற நேர்மை ஆகிய மூன்றையும் உனக்கு வாக்களிக்கிறேன். சாகும்வரை உன்னை விடமாட்டேன். அவ்வளவுதான். முதல் இரண்டு சொற்களும் உடனே வந்தன. நேர்மையில் இடித்தது. எங்கள் பழைய சொல்லில் மானம், மரியாதை எல்லாம் இருந்தது. எஸ்பெராந்தோச் சொல்லைப் போட்டால் நிறுவையில் ஏமாற்றாத கடைக்காரர்தான் கண்முன் வந்தார். இர்மினாவிடம் சொன்னேன்.

"கடைத் தராசு நேர்மையே போதும் டீச்சர்," என்றாள். "அதுகூட இல்லாமத்தான் பாதி வீடு நாறுது."

கடைசி வாக்கியத்தில் நான் நின்றுபோனேன். 'விடுதல்' என்பதற்கு அந்த மொழியில் ஒரு சொல் உண்டு. அதன் முன்னால் மூன்றெழுத்துச் சேர்த்தால் 'கைவிடுதல்' ஆகிவிடும். வெண்டெல் இதைப் பற்றியே ஒரு கடிதம் எழுதியிருந்தான். 'டீச்சர், நான் வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டேன். என் வேலை அப்படி. விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தால் திங்கட்கிழமையே பொய்யாகிவிடும். கைவிடமாட்டேன் என்றால் சொல்ல முடியும்.' அவன் கேட்டது நியாயம். அப்படியே எழுதினேன். ஆனால் எழுதிய பிறகு அந்த இரண்டு சொற்களையும் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

பாதிரியார் அலோய்ஸி என் தாளை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். பாதி புரிந்துவிட்டது அவருக்கு, லத்தீன் படித்தவர்.

"இது கெட்டுப்போன லத்தீன் மாதிரி இருக்கு" என்றார்.

"நல்லாப் போன லத்தீன்னும் சொல்லலாம், ஃபாதர்."

"பொண்ணுக்கும் பையனுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் புரியும் இல்ல?"

"இதுல மட்டும்தான் ரெண்டு பேருக்கும் புரியும்."

கையெழுத்துப் போட்டார். "நீங்க ஒவ்வொரு துண்டா வாசிங்க. அவங்க திருப்பிச் சொல்லட்டும். முணுமுணுக்கக் கூடாது" என்றார்.

மிச்சம் இருந்தது பெற்றோர் ஆசீர்வாதம். கோவிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் மணமக்கள் முழந்தாளிட, இரு வீட்டுப் பெரியவர்களும் நெற்றியில் சிலுவை போட்டு நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். இர்மினாவின் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போயாரி பக்கம் அவர்கள் மரவீட்டுக்குப் போனேன். வின்சென்டி தறி பழுதுபார்க்கும் மெக்கானிக். கல்யாணத்துக்கென்று வாசல் படிக்கட்டில் புதுப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணி இருந்தது.

"வாங்க டீச்சரம்மா. சொந்தமா மொழி செஞ்சு விக்கறவங்க," என்றார் ஆணிகளுக்கு நடுவே.

"நான் செய்யல. விக்கவும் இல்ல."

"எம் பொண்ணு வாங்கிட்டாளே." ஆணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அம்பத்தாறுல ரஷ்ய டாங்கி வந்து ஹங்கேரிக்காரனுக்கு அடிபட்டப்போ இந்த ஊர்ல வரிசைல நின்னு ரத்தம் குடுத்தேன். ரத்தம்தான் குடுத்தேன். பொண்ணையும் சேர்த்துக் குடுக்கறேன்னு எங்கயும் கையெழுத்துப் போடல."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஸ்டெஃபானியா, "அந்தம்மாவை உள்ள கூப்பிடுங்க. வெயில்ல நிக்க வச்சுப் பேசறீங்க," என்றாள்.

அவர் கூப்பிடவில்லை. "நான் சொல்றதை நீங்க அந்தப் பாஷையில சொல்லுவீங்க. அவன் அதை அவங்கம்மாவுக்கு ஹங்கேரியில சொல்லுவான். அங்க போய்ச் சேரும்போது என் வார்த்தையில என்ன மிச்சம் இருக்கும்?"

"நீங்க சொன்னது இருக்கும்."

"இனிப்பு தடவிட்டா?"

"தடவமாட்டேன்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க." ஆணியைப் பலகையில் ஊன்றினார், அடிக்கவில்லை. "ஒரு பாஷைன்னா அதுல சாபம் விட்டிருக்கணும், ஒப்பாரி வச்சிருக்கணும். யாராவது செத்திருக்கணும். உங்க பாஷையில இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களா?"

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்ல நினைத்துப் போகவில்லை.

"ஒருத்தர் செத்திருக்கார்" என்றேன். "மோவ்ஷான்னு பேரு. மருந்துக்கடையில வேலை. எனக்கு இந்தப் பாஷை சொல்லிக்குடுத்தவர். அவர் யூதர், நான் கத்தோலிக்கப் பொண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் எந்தக் கோவில்லயும் கல்யாணம் நடக்காது. அதனால எஸ்பெராந்தோவுல நாமளே சொல்லிக்கலாம்னு பேசிட்டு இருந்தோம். அதுக்குள்ள ஜெர்மன்காரங்க வந்துட்டாங்க."

வின்சென்டி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அடைச்சு வச்ச தெருவுல இருந்து யூதர்களை வரிசையா வேலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நான் தினம் காலைல தபால் பையோட எதிர்ப்பக்கம் நடப்பேன். சில நாள் ரொட்டியைக் கீழ போட்டுட்டுப் போவேன். ஒரு நாள் அவர் என்னைப் பார்க்காம, முன்னாடி போறவர் முதுகைப் பார்த்துக்கிட்டே, நாளைக்கு வராத, இனிமே வராதன்னார். காவல்காரனுக்குப் புரியக் கூடாதுன்னு இந்தப் பாஷையில. என்கிட்ட அவர் கடைசியாப் பேசினது அதுதான்."

"நீங்க?"

"போகல. மறுநாள் போகல. அதுக்கப்புறம் போறதுக்கு அங்க யாரும் இல்ல."

எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க. காபி இருக்கு. ஆனா நான் என்ன பேசப்போறேன்னு இப்பச் சொல்லமாட்டேன். அன்னிக்குத்தான் சொல்லுவேன்."

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்தாயிற்று. வார்சாக்காரர் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். வெண்டெலும் அவன் அம்மா எடெல்காவும் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார்கள். எடெல்கா ரயில்வே கேன்டீனில் சமைக்கிறவள். அகலமான தோள், சூடுபட்ட தழும்புகளுள்ள முன்னங்கைகள். வந்த முதல் நாளே ஸ்டெஃபானியாவின் அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மொழியில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் உப்பு பற்றிச் சண்டைகூட வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன்னறையில் கம்பளம் விரித்து இர்மினாவும் வெண்டெலும் முழந்தாளிட்டார்கள். ஒரு பக்கம் வின்சென்டியும் ஸ்டெஃபானியாவும், இன்னொரு பக்கம் எடெல்கா. நான் நடுவில் நின்றேன். உறவுக்காரர்கள் கதவோரம் வரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெஃபானியா முதலில். அழுதுகொண்டே, கடவுள் காக்கட்டும், குழந்தைகள் பிறக்கட்டும், கடிதம் எழுத மறக்காதே என்றாள். நான் எஸ்பெராந்தோவில் சொன்னேன். வெண்டெல் கழுத்தைத் திருப்பி அம்மாவுக்கு ஹங்கேரியனில் சொன்னான். எடெல்கா தலையசைத்தாள்.

அடுத்தது எடெல்கா. வின்சென்டி, நான் கடைசியில் பேசிக்கொள்கிறேன் என்று கையால் காட்டிவிட்டார். அவள் மகனைப் பார்க்கவில்லை. இர்மினாவைப் பார்த்துப் பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பண்டம் வாங்கப் பட்டியல் சொல்வதுபோல் சீராக, நீளமாகப் பேசினாள். பேசப் பேச வெண்டெலின் காது சிவந்தது. அவள் நிறுத்தியதும் அவன் என்னிடம் எஸ்பெராந்தோவில், "அம்மா ஆசீர்வாதம் பண்றாங்க. நல்லா இருங்கன்னு சொல்றாங்க" என்றான்.

அதை நான் போலிஷில் சொன்னேன். ஐந்து வார்த்தைகூட ஆகவில்லை.

எடெல்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனிடம் ஒரு சொல் சொன்னாள். அது என்னவென்று எனக்குத் தெரியாவிட்டாலும் புரிந்தது.

"வெண்டெல், உங்கம்மா ரொம்ப நேரம் பேசினாங்க. நீ சொன்னது கொஞ்சம்" என்றேன்.

"மிச்சம் இங்க வேண்டாம் டீச்சர். அப்புறம் இவகிட்ட தனியாச் சொல்லிக்கறேன்."

இர்மினாவுக்கு எஸ்பெராந்தோ புரியுமே. முழந்தாளிட்டபடியே அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சொன்னதை எனக்கே வேண்டாம்னு நீ எப்படி முடிவு பண்ற?"

வின்சென்டி பொறுமையிழந்தார். "என்ன நடக்குது? டீச்சரம்மா, அங்க என்ன பேச்சு?"

"மாப்பிள்ளை அவங்கம்மா சொன்னதுல பாதியை முழுங்கிட்டார்" என்றேன். தடவமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெண்டெல் தரையைப் பார்த்தான். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அவன் எழவில்லை. கம்பளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வாக்கியமாக, பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல் எஸ்பெராந்தோவில் சொன்னான். நான் ஒவ்வொன்றாகப் போலிஷில் சொன்னேன்.

"பொண்ணே, இவங்கப்பா என்னை அடிப்பார். பதினெட்டு வருஷம் அடிச்சார். அவர் செத்த அன்னிக்கு நான் அழல. இவன் யாரையும் கைநீட்டி அடிச்சு நான் பார்த்ததில்ல. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி அவங்கப்பா அடிச்சும் யாரும் பார்த்ததில்ல. ஒரு நாள் இவன் கை உம்மேல பட்டா, உங்க ஊருக்கு ரயில் ஏறாத. அது தூரம். எங்கிட்ட வா. கதவைச் சாத்திட்டு உம் பக்கம் நிப்பேன். அவன் என் பையன்தான். இருந்தாலும் நிப்பேன். என்னால குடுக்க முடிஞ்ச ஆசீர்வாதம் இதுதான், மத்ததைக் கடவுள் குடுக்கட்டும்."

கதவோரத்தில் யாரோ ஒரு அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

வின்சென்டி என்னைக் கேட்டார். "இதை அவனே சொன்னானா? முழுசா?"

"முழுசா."

"அவங்கம்மா பேசினது வேற யாருக்கும் புரிஞ்சிருக்காதே. மாத்திச் சொல்லியிருக்கலாமே."

"மாத்திச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் மாத்தாமச் சொல்லிட்டார்."

வின்சென்டி தன் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். எழுதியே வைத்திருந்திருக்கிறார். பிரிக்காமல் திரும்பப் பையிலேயே வைத்தார்.

"நான் ஒரு பேச்சு வச்சிருந்தேன்," என்றார். "அது இவனுக்கில்ல. நான் மனசுல வச்சிருந்த ஆளுக்கு. இவனுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல." புனித நீரில் விரலை நனைத்து மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். வெண்டெலின் நெற்றியில் போட்டார். "அவங்கப்பா மாதிரி ஆகக்கூடாதுன்னு இவனுக்கே பயம் இருக்கு. அந்தப் பயம் போகாம இருக்கட்டும். இதைச் சொல்லுங்க."

சொன்னேன். வெண்டெல் அதைத் தன் அம்மாவுக்குச் சொல்லும்போது குரல் உடைந்து, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வின்சென்டி அறையைக் கடந்துபோய் எடெல்காவின் நெற்றியிலும் ஒரு சிலுவை போட்டார். அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோவிலில் நான் வாசித்தேன், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நான் இதை முன்னால் யோசித்திருக்கவில்லை: சத்தியம் தன்மையில் இருக்கிறது. 'நான் உனக்கு' என்று தொடங்குகிறது. வெண்டெலுக்காக ஒரு முறை, இர்மினாவுக்காக ஒரு முறை, அன்பையும் விசுவாசத்தையும் நேர்மையையும் நான் சத்தமாக வாக்களித்தேன். ஐம்பது வயதுவரை யாருக்கும் சொல்லாத வார்த்தைகள். 'சாகும்வரை உன்னைக் கைவிடமாட்டேன்' என்ற இடம் இரண்டாவது முறை வந்தபோது என் குரல் எழும்பவில்லை. பதினெட்டு வருஷமாக என்னை நானே கேட்டுவந்தது அதைத்தானே. மறுநாள் நான் அந்தத் தெருவுக்குப் போகாதது விட்டதா, கைவிட்டதா?

பாதிரியார் அலோய்ஸி குனிந்து, "சத்தமா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

சத்தமாகச் சொன்னேன். இர்மினா திருப்பிச் சொன்னாள். கேள்விக்குப் பதில் அன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை முழுதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் சோல்னோக்குக்குப் போனார்கள். அடுத்த வருஷம் ஒரு பெண் பிறந்தாள். கடிதங்கள் மாதம் ஒன்று வரும். போலிஷில் பெற்றோருக்கு ஒன்று, எஸ்பெராந்தோவில் எனக்கு ஒன்று. 1964 மார்ச்சில் எஸ்பெராந்தோக் கடிதம் மட்டும் தனியாக வந்தது. 'டீச்சர், இதை அப்பா அம்மாவுக்கு நேராக எழுத என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை உங்களிடமே விடுகிறேன்' என்று தொடங்கியது.

போயாரிக்குப் போனேன். வின்சென்டி ஓய்வு பெற்றிருந்தார். ஸ்டெஃபானியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்திருப்பதைச் சொன்னதும், "எதையும் விடாமப் படிங்க" என்றார் வின்சென்டி.

விடாமல் படித்தேன். ஜனவரியில் வெண்டெலின் எஞ்சின் ஒரு மனிதன்மேல் ஏறிவிட்டது. அவன் தவறில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு குடிக்க ஆரம்பித்தான். பிப்ரவரியில் ஒரு மாலை, குழந்தை அழுதது என்று, இர்மினாவைக் கன்னத்தில் அறைந்தான். ஒரு தடவை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தாண்டி மாமியார் வீட்டுக்குப் போனாள். எடெல்கா எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்திக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டாள். வெண்டெல் தினமும் வந்து வெளியே நின்றான். பனி கொட்டிய நாளிலும் அவள் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஜன்னல் வழியாக, குடிக்காமல் நாற்பது நாள் வேலைக்குப் போய்வா, அப்புறம் இவள் விரும்பினால் பேசுவாள் என்றாள். இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. 'திரும்பிப் போவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இங்கே நன்றாகத் தூங்குகிறேன்' என்று முடிந்திருந்தது.

ஸ்டெஃபானியாவின் கையில் கத்தி நின்றிருந்தது. வின்சென்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், ரயில் நேரம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பேப்பர் வச்சிருக்கீங்களா?" என்றார். "ஒரு லெட்டர் எழுதணும். பொண்ணுக்கில்ல. அந்தம்மாவுக்கு."

எடுத்தேன். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல எஸ்பெராந்தோவில் எழுதினேன். "எடெல்கா அம்மா, நீங்க சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டீங்க. எங்களுக்குச் செய்ய முடியாததை நீங்க செஞ்சீங்க. பெத்த பையனை வெளிய நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நானும் என் வீட்டுக்காரியும் உங்களைக் கும்பிடறோம்."

தாளை மடிக்கப் போனேன்.

"இருங்க. இதை அங்க யார் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுவாங்க?"

"இர்மினாவே படிப்பா. இப்ப அவளுக்கு ஹங்கேரியன் நல்லா வருது."

அவர் யோசித்தார். "வேண்டாம். மேல எழுதுங்க: இதை வெண்டெல்தான் படிச்சுச் சொல்லணும்னு. ஜன்னல் வழியா படிச்சாலும் சரி."

எழுதினேன். உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன், நாளைக் காலைத் தபாலில் போய்விடும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மனைவியின் கையிலிருந்து கத்தியை வாங்கி, மிச்ச உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தார்.